படகில் பெட்ரோல் ஆவிக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் அலாரம் பொருத்துவது எப்படி: கடலூர், புதுச்சேரிப் படகுக்காரர்களுக்கு

அரியாங்குப்பம் ஆற்றில் ஓடும் எங்கள் கேபின் படகுக்கும், கடலூர் முதுநகரில் என் மச்சானுடைய விசைப்படகுக்கும் இந்த அலாரங்களைப் பொருத்தி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கடையில் கேட்டால் வீட்டு சிலிண்டருக்கான அலாரத்தை எடுத்து நீட்டுகிறார்கள். இணையத்தில் தேடினால் வெளிநாட்டுப் படகுகளுக்கு எழுதியதுதான் கிடைக்கிறது. அதில் வரும் படகும் வேறு, வெயிலும் வேறு, கடையும் வேறு. அடுத்து பொருத்தப்போகிறவர்கள் இவ்வளவு அலைய வேண்டாம் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன்.

அலாரம் வாங்குவது பெரிய வேலை இல்லை. அது வீணாகக் கத்தாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. நாலு ராத்திரி காரணமில்லாமல் கத்தினால் ஐந்தாவது ராத்திரி யாராவது ஒயரைப் பிடுங்கிவிடுவார்கள், அலாரம் இருக்கிறது என்ற தைரியம் மட்டும் படகில் மிஞ்சும். கீழே நான் சொல்லும் பாதி விஷயங்கள் அந்த ஒயரைக் காப்பாற்றத்தான்.

வெளியே இன்ஜின் மாட்டிய திறந்த ஃபைபர் படகு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு அலாரம் தேவையில்லை. 5-ஆம் பகுதியின் கடைசியில் பெட்ரோல் கேன் பற்றிச் சொல்லியிருப்பதை மட்டும் படித்துவிட்டுப் போகலாம்.

1. எது எரிகிறது, யார் எங்கே தூங்குகிறார்கள் என்று எழுதுங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இன்ஜின் பெட்ரோலா டீசலா? மூடிய பெட்டிக்குள் இருக்கிறதா? கையில் தூக்கும் பெட்ரோல் ஜெனரேட்டர் ஏற்றுவீர்களா? சமையல் கேஸிலா, மண்ணெண்ணெய் ஸ்டவ்விலா? ராத்திரி ஆட்கள் படுப்பது எங்கே? மழை வந்தால் எந்தெந்த ஜன்னலை மூடுகிறீர்கள்?

இந்தப் பட்டியல் எதற்கென்றால், நாம் பிடிக்க நினைப்பது குணத்தில் முற்றிலும் வேறான இரண்டு வாயுக்களை. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். கசிந்தால் தரையோடு தவழ்ந்து படகின் அடியில், பில்ஜில் போய்த் தேங்கும். காற்றில் 1.4 சதவீதம் கலந்தாலே போதும், ஒரு பொறியில் வெடிக்கும். டெக்கில் நிற்பவர் மூக்குக்கு எட்டாமலே கீழே அந்த அளவு சேர்ந்திருக்கலாம். சமையல் கேஸும் கீழேதான் இறங்கும்.

கார்பன் மோனாக்சைடு அப்படி இல்லை. கிட்டத்தட்ட காற்றின் எடைதான், அதனால் அறை முழுக்கக் கலந்து நிற்கும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, அப்புறம் கிறுகிறுப்பு, குமட்டல். படகில் ஒருவருக்குக் குமட்டினால் நாம் என்ன நினைப்போம்? அலை ஒத்துக்கொள்ளவில்லை என்று மாத்திரை கொடுத்துக் கேபினுக்குள் படுக்க வைப்போம். வாயு கேபினுக்குள் இருந்தால் அதைவிட மோசமான இடம் வேறு இல்லை.

டீசல் படகுக்கு இதெல்லாம் எதற்கு என்று முதுநகர்த் துறைமுகத்தில் பலரும் கேட்டார்கள். பாதி சரி. டீசல் இன்ஜினுக்குள் காற்று உபரியாகப் போவதால் கார்பன் மோனாக்சைடு குறைவாகத்தான் வரும். டீசல் பெட்ரோல்போல ஆவியாவதும் இல்லை. ஆனால் விசைப்படகில் ஆட்கள் தூங்குவது இன்ஜின் ரூமுக்கு நேர் மேலே. எக்ஸாஸ்ட் குழாயில் விரிசல் விட்டால் புகை முதலில் வருவது அங்கேதான். ஐப்பசி மழையில் ஷட்டரை எல்லாம் இறக்கிவிட்டு உள்ளே ஸ்டவ் பற்றவைப்பதும் உண்டு. டெக்கில் பெட்ரோல் ஜெனரேட்டர் ஓடினால் பேச்சே வேண்டாம், அதுதான் இருப்பதிலேயே பெரிய ஆபத்து.

என் கணக்கு இது. மூடிய கேபினும் அதில் தூங்கும் ஆளும் இருந்தால், எந்த எரிபொருளாக இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் வேண்டும். மூடிய இடத்தில் பெட்ரோல் இன்ஜினோ, பெட்ரோல் டேங்கோ, கேஸ் சிலிண்டரோ இருந்தால் ஆவி டிடெக்டரும் வேண்டும். டீசல் மட்டும் என்றால் ஆவி டிடெக்டருக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

2. கருவியின் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்

கார்பன் மோனாக்சைடு அலாரத்தில் தேட வேண்டியது ‘இஎன் 50291-2’ என்ற ஐரோப்பியத் தர எண். கடைசியில் வரும் அந்த 2 முக்கியம். 50291-1 என்பது வீட்டுக்கு. 2 என்பது படகு, கேரவன் போன்றவற்றுக்கு, அதிர்வுச் சோதனையும் அதில் சேர்ந்தது. அமெரிக்கச் சரக்கு என்றால் ‘யூஎல் 2034’ முத்திரை இருக்கும், கூடவே படகுக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். உள்ளே இருப்பது எலக்ட்ரோகெமிக்கல் சென்சாராக இருக்க வேண்டும்.

இந்தத் தரத்தில் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டால் பின்னால் குழப்பம் வராது. அலாரம் வாயுவைப் பார்த்தவுடன் கத்தாது. 50 பிபிஎம் (காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 50 பங்கு) அளவில் 60 முதல் 90 நிமிடத்துக்குள், 100 பிபிஎம் என்றால் 10 முதல் 40 நிமிடத்துக்குள், 300 பிபிஎம் என்றால் 3 நிமிடத்துக்குள் கத்த வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. உடம்பில் எவ்வளவு ஏறும் என்பதைக் கணக்கிட்டு வைத்த நேரம் அது. புகைக்குழாய் பக்கத்தில் ஒரு நிமிடம் காட்டிவிட்டு ‘கத்தவில்லை, டுபாக்கூர்’ என்று திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. எண் காட்டும் சின்னத் திரை இருக்கிற மாடல் வாங்கினால் நல்லது, அலாரம் அடிக்கும் முன்பே அளவு ஏறுவதைப் பார்க்கலாம்.

பெட்ரோல் ஆவி டிடெக்டர் வேறு சாமான். அதன் சென்சார் சூடாகி வேலை செய்யும், அதனால் படகு பேட்டரியிலிருந்து மின்சாரம் வேண்டும். படகுக்கென்றே செய்தவற்றில் ‘யூஎல் 1110’ என்று போட்டிருக்கும். இவை வெடிக்கும் அளவு வருவதற்கு வெகு முன்பாகவே, பெரும்பாலும் அந்த அளவில் 20 சதவீதத்தைத் தொடும்போதே அடிக்கும். சென்சார் தனியாகவும், பஸ்ஸரும் சுவிட்சும் இருக்கும் பெட்டி தனியாகவும் வருவதை வாங்குங்கள். பெட்ரோல் ஆவி சேரும் இடத்தில் சென்சார் மட்டும்தான் இருக்கலாம். சுவிட்ச் பெட்டியையும் அங்கேயே வைத்தால் பொறியை நாமே கொண்டுபோய் வைத்த மாதிரி.

இந்த வேலையில் காசு வீணாகும் இடங்கள் மூன்று. முதலாவது, வீட்டு கேஸ் அலாரம். அது பிளக்கில் சொருகுவது, 230 வோல்ட், உப்புக்காற்றுக்குச் செய்ததும் இல்லை. இரண்டாவது, புகை, கேஸ், கார்பன் மோனாக்சைடு எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் பிடிக்கும் என்று விற்கும் மலிவுச் சரக்கு. ஒன்று கீழே இருக்க வேண்டும், இன்னொன்று தலையணை உயரத்தில் இருக்க வேண்டும். ஒரே டப்பா எப்படி இரண்டு இடத்திலும் இருக்கும்? மூன்றாவது வோல்டேஜ். லேலண்ட் மாதிரி பெரிய இன்ஜின் உள்ள விசைப்படகில் பேட்டரி 24 வோல்ட், படகு டிடெக்டர்கள் பல 12 வோல்ட். இரண்டிலும் ஓடுவதாகப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் கன்வெர்ட்டர் செலவு சேரும். ‘இரண்டு பேட்டரியில் ஒன்றில் மட்டும் ஒயர் எடுத்துக்கலாம்’ என்று எலக்ட்ரீஷியன் சொல்வார், ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஒரு பேட்டரி மட்டும் சீக்கிரம் செத்துவிடும்.

கடலூர்க்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. சிப்காட் ரசாயனத் தொழிற்சாலைகளுக்குப் பாதுகாப்புச் சாமான் கொடுக்கும் வியாபாரிகளிடம் சட்டைப் பையில் மாட்டும் கார்பன் மோனாக்சைடு மீட்டரும், நாலு வாயு மீட்டரும் கிடைக்கும். நாலு வாயு என்றால் ஆக்சிஜன், எரியும் வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு. நல்ல கருவிதான். ஆனால் நிரந்தரமாக மாட்டும் அலாரத்துக்கு அது மாற்று இல்லை, தூங்கும்போது யாரும் அதை ஆன் செய்து வைக்கப் போவதில்லை. இன்னொன்று, அதில் இருக்கும் எரியும் வாயு சென்சாரைப் பெரும்பாலும் மீத்தேனை வைத்து அளவு சரிபார்த்திருப்பார்கள். அப்படிப்பட்ட மீட்டர் பெட்ரோல் ஆவியை உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். பெட்ரோலுக்குப் பயன்படுத்தப் போவதாகச் சொல்லி, பென்டேனில் அளவு வைத்துத் தரச் சொல்லுங்கள்.

3. எப்போது ஆர்டர் போடுவது

விசைப்படகுக்குச் சரியான காலம் மீன்பிடித் தடைக்காலம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் நிற்கும். ஆனால் ஏப்ரலில் ஆர்டர் போட்டால் தாமதமாகிவிடும். எல்லாப் படகும் ஒரே நேரத்தில் கரையேறும், பெயின்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன் யாரும் கையில் அகப்பட மாட்டார்கள். வெளிநாட்டுச் சரக்கு வந்து சேர ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள், சுங்கத்தில் மாட்டினால் அதற்கு மேலும் ஆகும். பிப்ரவரி கடைசியிலேயே பணம் கட்டிவிடுவது நல்லது.

வேலையின் வரிசையும் முக்கியம். ஃபைபர் வேலை, பெயின்ட், சீலன்ட் எல்லாம் முடிந்து நன்றாகக் காய்ந்த பிறகுதான் சென்சாரைப் பெட்டியிலிருந்தே எடுக்க வேண்டும். சிலிகான் சீலன்டிலிருந்து வரும் ஆவி, எரியும் வாயு சென்சாரை நிரந்தரமாகக் கெடுத்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, பச்சை விளக்கு எரியும், வாயு வந்தால் மட்டும் பேசாது. ஒயரை முதலில் இழுத்து வையுங்கள், சென்சாரைக் கடைசியில் மாட்டுங்கள்.

சுற்றுலாப் படகு ஓட்டுபவர்களுக்குத் தடைக்காலம் என்று ஒன்று இல்லை, கோடை விடுமுறையில்தான் வருமானமே. பள்ளி திறந்த பிறகு, ஜூன் பின்பாதியிலோ ஜூலையிலோ வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை வந்து ஜன்னல்களை மூடும் காலத்துக்கு முன் முடிந்திருக்க வேண்டும்.

4. செலவு

எனக்குச் சொல்லப்பட்ட விலைகளைச் சுமாராகத் தருகிறேன். முத்திரையுள்ள, பேட்டரி உள்ளேயே மூடி வைத்த கார்பன் மோனாக்சைடு அலாரம் 4,000 முதல் 8,000 ரூபாய். படகுக்கான பெட்ரோல் ஆவி டிடெக்டர், இறக்குமதி வரியோடு கைக்கு வரும்போது 25,000-லிருந்து 45,000 வரை. சட்டைப் பை மீட்டர் 10,000-க்கு மேல். நாலு வாயு மீட்டர் 30,000-க்குக் குறைந்து நல்லதாக வரவில்லை. ஒயர், ஃபியூஸ், கூலி எல்லாம் சேர்த்து 3,000 முதல் 5,000.

கொட்டேஷனில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா, தனியா என்று கேளுங்கள். படகுத் தொழிலுக்கு ஜிஎஸ்டி எண் வைத்திருந்தால் பில்லில் அந்த எண்ணைப் போடச் சொல்லுங்கள், பிறகு மாற்றித் தர மாட்டார்கள். வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைத்தால் திரையில் காட்டும் விலையோடு சுங்க வரி, ஜிஎஸ்டி, கூரியர்காரர் கையாளும் கட்டணம் மூன்றும் சேரும்.

ஆயிரம் ரூபாய்க்கு இணையத்தில் விற்கும் அலாரத்தைப் பற்றிக் கேட்பீர்கள். தரத்தின் எண்ணும் இல்லை, சென்சார் காலாவதித் தேதியும் இல்லை என்றால் வேண்டாம். அதைவிட ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குங்கள், செலவே இல்லை.

கை இறுக்கமாக இருக்கிறது, ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஆட்கள் தூங்கும் படகில் கார்பன் மோனாக்சைடு அலாரத்தை முதலில் வாங்குங்கள். பெட்ரோல் கசிவை மூக்கும் கையும் ஓரளவுக்காவது கண்டுபிடிக்கும். மற்றதை எந்த மூக்கும் கண்டுபிடிக்காது.

5. காகிதங்கள்

வியாபாரியிடம் கேட்டு வாங்க வேண்டியவை: வரிசை எண் குறித்த பில், உத்தரவாத அட்டை, கையேடு, அளவு சரிபார்ப்புச் சான்றிதழ். கடைசியில் சொன்னது மீட்டர்களுக்கு. என்ஏபிஎல் அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தின் சான்றாக இருக்க வேண்டும், அதில் உங்கள் கருவியின் வரிசை எண் இருக்க வேண்டும். எனக்கு முதலில் வந்த சான்றில் வேறு ஏதோ கருவியின் எண் இருந்தது. கேட்டதற்கு ‘எல்லாம் ஒண்ணுதான் சார்’ என்றார்கள். ஒன்று இல்லை, மாற்றித் தரச் சொல்லி வாங்குங்கள்.

கூரியரில் வரவழைத்தால் ஆதார் அல்லது பான் நகல் கேட்பார்கள். தொழிலுக்கு என்று சொன்னால் இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண்ணும் வேண்டும். அது இல்லாதவர்கள் சென்னையில் இருக்கும் இறக்குமதியாளர் மூலம் வாங்குவது தலைவலி இல்லாத வழி, விலை கொஞ்சம் கூடும்.

படகுப் பக்கம்: ஆற்றில் பயணிகளை ஏற்றும் இயந்திரப் படகு என்றால் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2021-இன்படி பதிவும் ஆய்வுச் சான்றும் உண்டு. மீன்பிடிப் படகு என்றால் ரியல்கிராஃப்ட் என்ற அரசு இணையதளத்தில் செய்த பதிவு. இவற்றின் நகலோடு டிடெக்டர் பில்லையும், பொருத்தின இடத்தின் புகைப்படத்தையும், ஒயரிங் படத்தையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒரு செட் படகிலும் ஒரு செட் வீட்டிலும் வையுங்கள். இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது சர்வேயரிடம் காட்டுங்கள், பிரீமியம் குறைகிறதோ இல்லையோ, இருந்த சாமான் என்று பதிவாகிவிடும்.

பெட்ரோல் கேன் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் விலை குறைவு என்று கடலூர்ப் பக்கத்திலிருந்து கேனோடு வருபவர்கள் அதிகம். பெட்ரோலியம் சட்டப்படி, விற்பனைக்கு இல்லாமல் 30 லிட்டர் வரைதான் உரிமம் இல்லாமல் பெட்ரோல் வைத்திருக்கலாம். வாகனத்தின் சொந்த டேங்க் வேறு கணக்கு. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், வெயிலில் உப்பிய வெள்ளை பிளாஸ்டிக் கேனைப் படகின் மூடிய அறைக்குள் வைத்தால் எந்த டிடெக்டரும் ஓயாமல் அடிக்கும், அடிப்பதும் நியாயம். கேனைத் திறந்த டெக்கில் நிழலில் வையுங்கள். நிரப்பும்போது கரையில் இறக்கி வைத்து நிரப்புங்கள்.

6. எங்கே மாட்டுவது

ஆவி சென்சார் இன்ஜின் பெட்டிக்குள், கார்புரேட்டருக்கோ பெட்ரோல் குழாய் இணைப்புக்கோ அருகே, முடிந்தவரை தாழ்வாக. ஆனால் பில்ஜ் தண்ணீர் ஏறும் உச்ச மட்டத்துக்கு மேலே. தண்ணீரில் ஒருமுறை முங்கினால் சென்சார் போச்சு. படகு ஓடும்போது பின்பக்கம் தாழும், தண்ணீரும் பின்னால் ஓடி வரும், அதையும் கணக்கில் எடுங்கள். மட்டம் தெரிய எளிய வழி, பழைய எண்ணெய்க் கோடு பில்ஜ் சுவரில் கருப்பாக இருக்கும். அதற்கு ஒரு சாண் மேலே வைத்தோம். கேஸ் சிலிண்டருக்கு இன்னொரு சென்சார் வேண்டுமென்றால் அடுப்புக்குக் கீழே தரை ஓரத்தில். சிலிண்டரையே திறந்த டெக்கில் வைத்துவிட்டால் பாதிக் கவலை விட்டது.

கார்பன் மோனாக்சைடு அலாரம் தூங்குபவர் மூச்சுவிடும் உயரத்தில், படுக்கைக்கு அருகே. கூரையில் மாட்டச் சொல்பவர்கள் புகை அலாரத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். அடுப்பிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி, ஜன்னல் காற்று நேராக அடிக்காத இடம், காற்றே வராத மூலையும் கூடாது. திரைத்துணிக்குப் பின்னால் வேண்டாம், லைஃப் ஜாக்கெட் தொங்கும் ஆணிக்குக் கீழும் வேண்டாம். இரண்டு தனித்தனி அறையில் ஆள் தூங்கினால் இரண்டு அலாரம்.

பேட்டரிக்குப் பக்கத்தில் எதையும் மாட்டாதீர்கள். ஈய பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், இரண்டு வகை சென்சாருமே அதைப் பார்த்து ஏமாறும். எங்கள் படகில் ராத்திரி ராத்திரி அடித்ததற்குக் காரணம் இதுதான். இடத்தை மாற்றியதும் நின்றது.

7. ஒயரிங்

ஆவி டிடெக்டருக்கு பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ் போட்டுத் தனி லைன் இழுங்கள். இன்ஜின் சாவியோடு இணைத்தால், சாவியைத் திருப்பிய பிறகுதான் டிடெக்டர் விழிக்கும். நமக்குத் தெரிய வேண்டியது அதற்கு முன்னால். சென்சார் சூடாகக் கொஞ்ச நேரம் எடுக்கும், எவ்வளவு என்று கையேட்டில் இருக்கும். அதுவரை இன்ஜினைத் தொட வேண்டாம்.

எப்போதும் ஓடிக்கொண்டிருந்தால் பேட்டரி இறங்காதா என்பார்கள். 100 மில்லியாம்ப் இழுக்கும் டிடெக்டர் ஒரு நாளைக்கு 2.4 ஆம்பியர்-மணி எடுக்கும். தினமும் ஓடும் படகுக்கு அது ஒன்றுமில்லை. வாரக்கணக்கில் கட்டிப்போடும் படகென்றால் ஒரு சுவிட்ச் வையுங்கள், படகில் ஏறியதும் முதலில் போடுவது அந்த சுவிட்சாக இருக்கட்டும்.

டின் பூசிய செம்பு ஒயர், நன்றாக கிரிம்ப் செய்த முனை, அதன்மேல் சுருங்கும் ஸ்லீவ். வெறும் முறுக்கி டேப் சுற்றியது நம் உப்புக்காற்றில் ஒரு வருடம் தாங்காது, பச்சை பூத்துவிடும்.

கார்பன் மோனாக்சைடு அலாரத்துக்கு ஒயர் இல்லாத, சென்சார் ஆயுள் முழுக்க வரும் மூடிய பேட்டரி மாடலே என் தேர்வு. பிடுங்க ஒயரும் இல்லை, டார்ச்சுக்கு எடுத்துக்கொள்ள பேட்டரியும் இல்லை.

உள்ளே பெட்ரோல் இன்ஜின் உள்ள படகில் புளோயர் (இன்ஜின் பெட்டியிலிருந்து ஆவியை வெளியேற்றும் விசிறி) இருந்தால், ஸ்டார்ட் செய்யும் முன் 4 நிமிடமாவது ஓட விட வேண்டும் என்பது அமெரிக்கக் கடலோரக் காவல் படை படகில் ஒட்டச் சொல்லும் எச்சரிக்கை. டிடெக்டர் வந்த பிறகும் இதை விடாதீர்கள். வீட்டு ஃபேனை புளோயராகப் போட்டிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள், அதன் மோட்டாரே பொறி விடும்.

8. சோதிப்பதும் பராமரிப்பதும்

டெஸ்ட் பட்டன் காட்டுவது பஸ்ஸர் வேலை செய்கிறது என்பதை மட்டும்தான். சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று தெரிய வாயுவைக் காட்ட வேண்டும். அதற்கென்று சோதனை வாயு டப்பா விற்கிறார்கள். பற்றவைக்காத லைட்டரின் வாயுவைக் காட்டச் சொல்லும் கையேடுகளும் உண்டு. உங்கள் கையேட்டில் அப்படி இருந்தால் மட்டும், படகில் பெட்ரோல் வாசமே இல்லாதபோது, எல்லாக் கதவும் திறந்திருக்கச் செய்யுங்கள். கை தவறிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பெட்ரோல் இருக்கும் அறைக்குள் லைட்டரையே கொண்டு போகாமல், சென்சாரைக் கழற்றி வெளியே எடுத்துவந்து சோதிப்பது உத்தமம்.

வாரம் ஒருமுறை பட்டன், தூசு துடைக்க ஈரமில்லாத துணி. தின்னர், ஸ்பிரே, சாராய வகையறா எதையும் சென்சார் பக்கம் அடிக்க வேண்டாம், அடித்தால் அலறும். மீட்டர்களை வருடம் ஒருமுறையாவது அளவு சரிபார்க்க அனுப்புங்கள், கட்டணம் வாயுவுக்கு ஏற்ப ஆயிரத்திலிருந்து மூவாயிரம் வரை சொன்னார்கள்.

டிடெக்டர் அடிக்கடி அடித்தால் அதைத் திட்டும் முன் பெட்ரோல் ஹோஸைப் பாருங்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ் அதில் ஊறி மெத்தென்றாகிவிடும், பழைய ஃபைபர் டேங்கின் ரெசினையும் எத்தனால் அரிக்கும். ஒரு வெள்ளைத் துணியால் ஹோஸை அழுத்தித் துடைத்து மோந்து பாருங்கள். வாசம் வந்தால் ஹோஸை மாற்றும் நேரம். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள்.

9. அடித்தால் என்ன செய்வது

இதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி வீல் ஹவுஸில் ஒட்டுங்கள். கையேடு ஆங்கிலத்தில் இருந்து பிரயோஜனமில்லை, ராத்திரி முழிப்பவர் அதைத் தேடப் போவதும் இல்லை.

ஆவி அலாரம் அடித்தால்: ஸ்டார்ட் செய்யக் கூடாது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். அதன்பின் எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். பீடி, அடுப்பு, செல்போன் எதுவும் கூடாது. மூடியைத் திறந்து, ஆட்களைக் காற்று வரும் பக்கம் டெக்கில் நிறுத்துங்கள், கரையில் இருந்தால் இறக்கிவிடுங்கள். ஆவி கனமானது, திறந்து வைத்தவுடன் தானாக மேலே வந்து போய்விடாது, நேரம் எடுக்கும். கசிவைக் கண்டுபிடித்து அடைத்த பிறகுதான் அடுத்த வேலை.

கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்தால்: எல்லோரையும் எழுப்பி வெளியே கொண்டுவாருங்கள், தலை எண்ணுங்கள். தூக்கக் கலக்கம் என்று ஒருவரை விட்டுவிடாதீர்கள், கலக்கமே அறிகுறியாக இருக்கலாம். இன்ஜின், ஜெனரேட்டர், அடுப்பு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். கதவு ஜன்னல் எல்லாம் திறந்து வையுங்கள். தலைவலி, வாந்தி, மயக்கம் யாருக்கு இருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும், கொஞ்ச நேரம் படுத்தால் சரியாகிவிடும் என்ற பேச்சே கூடாது. கொரோனா காலத்தில் வாங்கிய விரல் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்து 98 என்று நம்பிவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு பிடித்த ரத்தத்தையும் அது ஆக்சிஜன் உள்ள ரத்தமாகத்தான் காட்டும். மருத்துவரிடம் முதல் வாக்கியமாகவே கார்பன் மோனாக்சைடு என்று சொல்லுங்கள், ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். கரையில் 108. கடலில் இருந்தால் விஎச்எஃப் ரேடியோவில் 16-ஆவது சேனல், அல்லது சிக்னல் இருந்தால் கடலோரக் காவல் படையின் 1554.

ஓடும்போது அடித்தால் பெரும்பாலும் புகை பின்பக்கமாகத் திரும்பி உள்ளே வருகிறது என்று அர்த்தம். கேபின் படகு ஓடும்போது அதன் முதுகில் காற்று சுழன்று புகையை உள்ளே இழுக்கும். வெயிலுக்கும் மழைக்கும் கட்டின தார்ப்பாய் அதை மோசமாக்கும். முன் ஜன்னலைத் திறந்தால் காற்று முன்னிருந்து பின்னாகப் போகும். இன்ஜின் ஓடும்போது பின்படியில் யாரையும் உட்கார வைக்காதீர்கள், காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு செல்ஃபி எடுக்க அங்கேதான் போவார்கள்.

10. மீன் கிடங்கு: இந்த அலாரங்கள் அங்கே உதவாது

விசைப்படகுக்காரர்களுக்கு மட்டும். ஐஸ் கரைந்து மீன் அழுகிய கிடங்கில் ஹைட்ரஜன் சல்பைடு சேரும், ஆக்சிஜன் குறையும். முட்டை அழுகிய வாசம் வரும்தான், ஆனால் அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாசமே தெரியாது. நாம் மாட்டிய இரண்டு அலாரமும் இதைப் பற்றி வாயே திறக்காது. நாலு வாயு மீட்டர் வேலைக்கு வருவது இங்கேதான். கயிற்றில் கட்டி மெதுவாக இறக்கி, மேல், நடு, அடி மூன்று மட்டத்திலும் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். ஆக்சிஜன் 20.9 சதவீதம் இருக்க வேண்டும். 19.5-க்குக் கீழே போனாலோ, ஹைட்ரஜன் சல்பைடு 10 பிபிஎம் தொட்டாலோ யாரும் இறங்கக் கூடாது. உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் காப்பாற்றக் குதிப்பவரும் விழுவார். மூடியைத் திறந்து காற்றை அனுப்பிக்கொண்டே உதவி கேளுங்கள். முப்பதாயிரம் தனியாகப் போட முடியாவிட்டால் நாலைந்து படகு சேர்ந்து ஒரு மீட்டர் வாங்கிச் சங்கத்தில் வைக்கலாம், முதுநகரில் அப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

11. காலாவதி

கார்பன் மோனாக்சைடு சென்சாருக்கு மாடலைப் பொறுத்து 5 முதல் 10 வருடம், ஆவி சென்சாருக்கு அதைவிடக் குறைவு. மாற்ற வேண்டிய மாதம், வருடத்தை மார்க்கரால் டப்பாவின் முகத்திலேயே எழுதுங்கள். காலம் முடியும்போது அலாரம் இடைவிட்டு ‘டிக் டிக்’ என்று சின்னதாகக் கூவும், அதை வாயு அலாரம் என்று நினைத்து ஆள் பயப்படுவதும் உண்டு, பேட்டரி போச்சு என்று கடலில் வீசுவதும் உண்டு. இரண்டு சத்தத்தையும் போட்டுக்காட்டி ஆட்களுக்குப் பழக்குங்கள். படகை விற்கும்போது காகித உறையையும் கையேட்டையும் வாங்குபவரிடம் கொடுத்து, அந்தத் தேதியைக் காட்டிவிடுங்கள்.